பல மரம் கண்ட தச்சன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர், பிள்ளைகளை இரண்டு மூன்று வாத்தியம் பழகவிடுவது வீண், "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில், அப்படிப் பல மரம் கண்ட ஒருவரிடம்தான் என் மகன் மூன்று வருடமாக வயலின் கற்றுக்கொள்கிறான். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, அதனால் வாத்தியார் என்றே எழுதுகிறேன்.

வயலின், மிருதங்கம், நாகசுரம், ஆர்மோனியம், புல்லாங்குழல், இவை போக எங்கள் தீவின் ராவான் என்ற தோல்கருவி. எல்லாவற்றிலும் கச்சேரி செய்யும் அளவுக்குக் கை உண்டு என்று நான் சொல்ல வரவில்லை, குழல் தனக்குச் சுமார்தான் என்று அவரே சொல்வார். ஆனால் அவர் காது இருக்கிறதே, அது ஒன்றுதான். ஆறு வாத்தியத்துக்கும் அதே காது.

சேர்த்த முதல் மாதம் பையன் கையில் வயலினையே கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்து, என்னதான் நடக்கிறது என்று ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன். தம்புராவின் நாலு தந்தியையும் சுருதி சேர்த்துவிட்டு, தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டையின் மேல் தந்திக்கு அடியில் இருக்கும் நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஓர் இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டு "எகூத்தே" என்றார். இங்கத்துக் கிரியோல் மொழியில் 'கேள்' என்று அர்த்தம், வகுப்பில் அவர் அதிகம் சொல்லும் சொல் அதுதான். கீழ் ச ஒலிக்கும் மந்தரத் தந்தியை மீட்டினார். பையன் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, உள்ளே இன்னொருத்தர் பாடுகிறார் என்றான். அந்த இன்னொருத்தர் காந்தாரம், ச ரி க-வில் வரும் க. சுருதி சுத்தமாகச் சேர்ந்தால் யாரும் மீட்டாத காந்தாரம் அந்த ஒரே தந்தியிலிருந்து தானாக எழும்பும். நானும் கேட்டேன், முதல்முறையாக, நாற்பது வயதுக்கு மேல். அன்றைக்குத்தான் வாத்தியார் வயலின் பெட்டியைத் திறந்தார்.

சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் கூச்ச சுபாவம், நாலு பேர் கூடினால் ஓரமாகப் போய் நின்றுகொள்வார். ஒலியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், நேரம் போவதே தெரியாமல் பேசுவார். வாத்தியத்தின் மேல் யார் கால் பட்டாலும் முகம் சிவந்துவிடும்.

ராவான் அவருக்கு ஆலையில் கூட வேலை செய்த ஒரு கிரியோல் நண்பர் கற்றுக்கொடுத்தது. இங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் செகா இசைக்கு உயிர் அந்தத் தோல்கருவி, அந்த செகாவை 2014இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆட்டுத்தோல் கட்டியது, வாசிக்கும் முன் நெருப்பில் காட்ட வேண்டும். நம் பறையையும் அப்படித்தானே காய்ச்சுகிறோம்! ஜனவரி, பிப்ரவரி எங்களுக்குப் புயல் காலம், காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். ஒரு மழை நாளில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, ராவானை அடுப்பு நெருப்பில் காட்டிக் காட்டித் தட்டி, ஒலி மெல்ல மெல்ல ஏறுவதைக் கேட்கச் சொன்னார், பிறகு அதே பிள்ளைகளிடம் மிருதங்கத்தைக் கொடுத்து விளிம்பைக் கல்லால் தட்டிச் சுருதி ஏற்றச் சொன்னார். வயலின் பழகும் என் மகனும் அதில் உட்கார்ந்தான். அதற்கப்புறம் அவன் வயலினை எடுத்தால் முதலில் ச ப ச ப என்று நாலு தந்தியையும் தானே சரிபார்க்கிறான், நான் சொல்ல வேண்டியதில்லை.

பழமொழி எழுதிய அன்பருக்குச் சொல்கிறேன். மிருதங்கத்துக்குப் பலா, நாகசுரத்துக்கு ஆச்சா என்று மரம் பார்த்து எடுக்கிறார்களே, பல மரம் கண்டவனுக்குத்தானே அது தெரியும்? தஞ்சாவூர்ப் பக்கம் தவிலுக்கு ஒரு குடும்பம், நாகசுரத்துக்கு ஒரு குடும்பம் என்று தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். எங்கள் முன்னோர் 1834க்குப் பிறகு கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகவும், அதற்கும் முன்னால் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கொத்தர்களாகவும் தச்சர்களாகவும் கப்பலேறி வந்தவர்கள். அந்தக் குடும்பங்களை மொத்தமாகக் கூட்டிவர முடியுமா? இங்கே மிருதங்கக்காரர் காய்ச்சலில் படுத்தால் பஜனைக்கு வேறு ஒருவர் எடுத்து வாசித்தாக வேண்டும். அந்த வேறு ஒருவர் பெரும்பாலும் இவர்தான்.

சொல்லாமல் விட முடியாத ஒன்று. சென்ற தைப்பூசக் காவடிக்கு எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் பதிவு செய்த நாகசுரத்தை ஒலிபெருக்கியில் போட்டார்கள். வாத்தியார் கூட்டத்தில் பத்தடி தள்ளி நின்றிருந்தார், யாராவது கூப்பிட்டால் இருக்கட்டும் என்று வாத்தியத்தையும் கொண்டுவந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

இதைப் படிக்கும் கோயில் நிர்வாகிகள் அடுத்த தைப்பூசத்துக்கு உங்கள் ஊரில் இருக்கும் இப்படி ஒருவரைத் தயவுசெய்து கூப்பிடுங்கள். சன்மானத்தைப் பற்றி அவர்களாகப் பேச மாட்டார்கள், நீங்களே பேசிவிடுங்கள். கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், நாகசுரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை நனைத்துப் பதமாக்க நேரம் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்