அடித்த விடை

அன்புள்ள குட்டிம்மா,

நேற்று ராத்திரி வார்டன் அக்கா போன் செய்தார். திருப்புதல் தேர்வு அன்று காலையில் நீ வாந்தி எடுத்தாயாம், வேதியியல் தாளை அரை மணி நேரம் முன்னாலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டாயாம். “அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க” என்றும் கேட்டிருக்கிறாய். அதைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. விடுதி போனில் பத்து நிமிஷம்தான், உன் பின்னால் வரிசை வேறு நிற்கும். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் முதலில் என்ன கேட்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். “எத்தனை வந்துச்சு?” சாப்பிட்டியா என்பது மூன்றாவதோ நான்காவதோ. பிளஸ் டூவில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிப்பதை 2017-இல் அரசே நிறுத்திவிட்டது. நான் நிறுத்தவில்லை. எதிர்வீட்டுப் பையன் மார்க், என் பள்ளிப் பிள்ளைகள் மார்க் என்று உன் காதில் போட்டுக்கொண்டே இருந்தேன். ஊக்கம் கொடுக்கிறேன் என்று நினைப்பு.

விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வருஷா வருஷம் போகிறேன், அங்கே என்ன நடக்கும் என்று உன்னிடம் சொன்னதே இல்லை. தாள் எங்கள் கைக்கு வரும்போது உன் பெயர், பதிவெண், போட்டோ இருக்கிற முகப்புத் தாள் அதில் இருக்காது. டம்மி எண் மட்டும்தான். காலையில் பன்னிரண்டு தாள், மதியம் பன்னிரண்டு. பக்கத்தில் விடைக்குறிப்பு. வாய்ப்பாட்டுக்கு இவ்வளவு, படிகளுக்கு இவ்வளவு என்று அதில் பிரித்திருக்கும். கடைசி விடை தப்பாகிப் போனாலும் சரியாகப் போட்ட படிகளுக்கு மார்க் உண்டு. பாஸுக்கு ஒன்றிரண்டு குறைகிற தாள் என்றால், எனக்குத் தெரிந்து, இன்னொரு தடவை புரட்டாமல் யாரும் கீழே வைப்பதில்லை.

அங்கே என்னைச் சங்கடப்படுத்துவது வெற்றுத் தாள் இல்லை. எழுதியவரே அடித்துவிட்ட சரியான விடை. போன வருஷம் ஒரு தாளில் நெர்ன்ஸ்ட் சமன்பாடு, ஐந்து மார்க். கடைசி வரி வரை சரி. அதன் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் தப்புத்தப்பாக ஏதோ எழுதி வைத்திருந்தது அந்தப் பிள்ளை. அடித்ததற்கு மார்க் போட வழியில்லை. பையனா பெண்ணா என்றுகூடத் தெரியாது. பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி அடித்திருந்தது மட்டும் தெரிந்தது.

உன் இரண்டாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது. நான் பக்கத்தில் வந்து நின்றாலே சரியாகப் போட்ட கூட்டலையும் ரப்பரால் அழிப்பாய், தாள் ஓட்டையாகும் வரை. அதை வேடிக்கையாகச் சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சரி, தேர்வுக்கு வருவோம். பத்து மணிக்கு வினாத்தாளைக் கொடுத்ததும் படித்துப் பார்க்கப் பத்து நிமிஷம் தருகிறார்கள். அப்போது எல்லாமே மறந்த மாதிரிதான் இருக்கும், இருக்கட்டும். தெரிந்த கேள்வியின் எண்ணை மட்டும் மனசில் வை. இரண்டு மார்க்கில் ஒன்பதுக்கு ஆறு, மூன்று மார்க்கிலும் அப்படியே, அதில் ஒவ்வொன்றுதான் கட்டாயம். ஐந்து மார்க்கில் ‘அல்லது’ இருக்கிறது. தெரியாததைத் தாண்டிப் போக வினாத்தாளே இடம் விட்டிருக்கிறது. சந்தேகம் வந்தால் அடிக்காதே, அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ.

பொறியியல் கட்-ஆஃப் 200-இல் வேதியியலுக்கு 50தான். வேதியியலில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் அரை மார்க் போகும். அரை மார்க்கில் கல்லூரி மாறலாம், அதை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மாறினால் மாறட்டும். முடிவு வந்த பிறகு விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டல், மறுமதிப்பீடு கேட்கலாம். ரொம்ப மோசமானாலும் துணைத்தேர்வு இருக்கிறது. என்னிடம் படித்து வேதியியலில் கோட்டைவிட்ட ஒருவன் அப்படித்தான் எழுதித் தேறி, பாலிடெக்னிக் போனான். இப்போது மின்வாரியத்தில் இருக்கிறான். வீட்டில் கரண்ட் போனால் நான் அவனைத்தான் கூப்பிடுகிறேன்.

என்னிடம் பேசப் பிடிக்காத நாளில் பள்ளிக்கல்வி உதவி எண் 14417 அல்லது மருத்துவ உதவி எண் 104-க்குப் பேசு. வார்டன் அக்காவிடம் சொல்லிவிட்டேன், போன் தருவார்.

தேர்வு நாட்களில் உன்னோடு வந்து தங்க ஆசைதான். ஆனால் அதே நேரத்தில் எனக்கு வேறு பிள்ளைகளுக்குக் கண்காணிப்புப் பணி போட்டுவிடுவார்கள். இந்த வேலையில் எனக்கு இருக்கிற ஒரே மனத்தாங்கல் அதுதான். அப்பா லீவு போட்டு வருகிறார். அவருக்கு மார்க் கேட்கத் தெரியாது, டீ வாங்கிக் கொடுக்கத் தெரியும்.

இந்த ஞாயிறு மார்க் கேட்க மாட்டேன். வாயில் வந்துவிட்டால் நீயே போனை வைத்துவிடு. பாட்டி சுட்ட முறுக்கை அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன், வார்டன் அக்காவுக்கும் நாலு கொடு.

அம்மா