பேசாமல் இருந்த ஒரு வாரம்

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. போனில் கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை என்று வருத்தப்பட்டிருப்பாய். என் குரல்நாணில் இருந்த சின்னக் கட்டியைப் போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை எடுத்தார்கள். பயப்படாதே, சாதாரணக் கட்டிதான். ஆனால் ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுநாள், கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு!

வீட்டில் மாலைச் செபத்தைத் தொடங்குவது எப்போதும் நான்தான். இந்த வாரம் லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் படிக்கலாம் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். 80 வசனம் இருக்கிறதே, புதிய ஏற்பாட்டிலேயே அதிக வசனங்கள் உள்ள அதிகாரம் அதுதான். ஏழு நாளுக்குப் பிரித்துக்கொண்டோம். மகன் படித்தான்.

முதல் நாளே குரு செக்கரியா வந்துவிட்டார். கோவிலுக்குள் தூபம் காட்டப் போனவர், முதிய வயதில் ஒரு மகன் பிறப்பான் என்று வானதூதர் சொன்னதை நம்பாததால் பேச்சிழந்து வெளியே வருகிறார். எத்தனை முறை கேட்ட பகுதி! அன்றைக்குத்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுபோல் இருந்தது. பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று அவரிடம் சைகை காட்டிக் கேட்டார்கள் என்று பின்னால் ஒரு வசனம் வருகிறது, கவனித்திருக்கிறாயா? அவருக்குக் காதும் கேட்காமல் போயிருக்கலாம் என்பார்கள். எனக்கு நன்றாகவே காது கேட்கிறது, ஆனாலும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கையை ஆட்டி ஆட்டித்தான் பேசினார்கள். பேசாத மனுஷருக்கு எதுவும் புரியாது என்று நினைத்துவிடுகிறார்கள். அவர் மனைவி எலிசபெத்து அந்த மாதங்களில் அவரிடம் எப்படிப் பேசியிருப்பாள் என்று அன்று இரவு வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திருவருகைக் கால மலர்வளையத்தில், ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்ற, மூன்று ஊதாவும் ஒரு ரோஜா நிறமுமாக நான்கு மெழுகுவர்த்திகள் வைத்திருந்தோம். இந்த வழக்கத்தை 1839-இல் ஹம்பர்க்கில் யோகான் விஹெர்ன் என்ற போதகர் தொடங்கினார். ஆதரவற்ற பிள்ளைகள் கிறிஸ்து பிறப்பு எப்போது, எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்து நாள் எண்ணக் கற்றுக்கொடுத்தாராம். எங்கள் முதல் திரி ஒரு வாரம் எரிந்து இரண்டு விரற்கடை குட்டையாகியிருந்தது. இரண்டாவது புதிது, நெட்டையாக நின்றது. செபம் முடியும் வரை அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

புதன்கிழமை நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். படித்து முடித்ததும் மகன் தானாகச் செபித்தான். அவன் வகுப்பில் ஒரு பையன் யாரோடும் சேராமல் தனியாக உட்கார்ந்திருப்பானாம், அவனுக்காக. அப்புறம் என் தொண்டைக்காக. பிறகு, "அம்மா இல்லாத நேரத்திலும் எனக்குப் பயம் வராமல் பார்த்துக்கொள்ளும்" என்றான். ஸ்டெல்லா, அவனுக்கு இப்படி ஒரு பயம் இருப்பதே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக, "இவனுக்கு நல்ல புத்தி கொடும், ஒழுங்காகப் படிக்கச் செய்யும்" என்று அவன் காதுபடவே செபித்திருக்கிறேன். கடவுளிடம் பேசுகிறேன் என்று நினைத்து அவனுக்குத்தான் அறிவுரை சொல்லியிருக்கிறேன். அவனுக்கு வாய் திறக்க நான் இடமே விடவில்லை. கையை நீட்டி அவன் தலையில் வைத்தேன். வேறெதுவும் செய்ய முடியவில்லை, செய்யவும் தோன்றவில்லை.

சனிக்கிழமை செக்கரியாவின் பாடலோடு அதிகாரம் முடிந்தது. மாதக்கணக்கில் பேசாதவர் வாய் திறந்ததும் முதலில் கடவுளைப் போற்றுகிறார். "விண்ணிலிருந்து விடியல் நம்மைத் தேடி வருகிறது" என்ற வரியை மகன் இரண்டு முறை படித்தான், நான் கேட்காமலே.

ஞாயிறு காலையில் டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினேன். அன்று மூன்றாம் ஞாயிறு, ரோஜா நிறத் திரி. மாலையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தீப்பெட்டியை மகன் பக்கம் தள்ளிவைத்தேன். அவன்தான் தொடங்கினான். "ஆமென்" மட்டும் சொன்னேன், கரகரப்பான குரலில்.

உன் அம்மாவுக்குக் கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா? அவர்களுக்காகவும் இங்கே தினமும் செபிக்கிறோம். சரி, அடுத்த வாரம் நானே கூப்பிடுகிறேன். ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேச விடமாட்டார்கள், அதனால் நீ நிறையப் பேசு.

அன்புடன்,
மெர்சி