தீவுக்குப் போய் வந்தோம்

பாளையங்கோட்டை,
8.6.2025

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்து ஒரு மாதம் ஆகப்போகிறது. மதினிக்கு முழங்கால் வலி குறைந்து இப்போது மாடிப்படி ஏறி இறங்குகிறார் என்று எழுதியிருந்ததைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. கூந்தன்குளத்தில் ஊருக்குள் நிற்கும் மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருப்பதை நீ எடுத்து அனுப்பிய படங்களை அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசிப் படத்தை வைத்துவிட்டு, "இவன் இப்படி ஊரையே படம் பிடித்து வைத்திருக்கிறானே, நம்மிடம் பாம்பன் படம் ஒன்றாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. நான் பிறந்து பன்னிரண்டு வயது வரை வளர்ந்த தீவின் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. அப்பா ரயில்வேயில் இருந்த காலத்தில் எங்களிடம் கேமரா ஏது? அந்தக் கேள்விதான் எங்களைக் கிளப்பியது. பள்ளி விடுமுறை முடிவதற்குள், மே மாதக் கடைசியில், அம்மாவையும் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு நானும் மனைவியும் நான்கு நாள் போய் இருந்துவிட்டு வந்தோம்.

தூத்துக்குடி வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, வேம்பார், சாயல்குடி, கீழக்கரை என்று போனோம். 200 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பாம்பனில் இறங்கியதும் நீ எச்சரித்திருந்தது அப்படியே நடந்தது. ஏசி ஓடிய காரிலிருந்து கேமராவை வெளியே எடுத்த நொடியில் லென்ஸ் முழுவதும் பனி படர்ந்துவிட்டது. பெரியவள் துணியை எடுத்துத் துடைக்கப் போனாள். நான் தடுத்து, சூடு சமமாகும் வரை கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னேன். அந்தக் கால் மணி நேரத்தில் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றவர், "கச்சான் எழுந்துவிட்டது. படம் எடுப்பதென்றால் வடக்கே போங்கள்" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இரண்டாம் நாள்தான் எனக்கு முழுமையாக விளங்கியது. தீவின் வடக்கே இருக்கும் பாக் நீரிணையை அங்குள்ளவர்கள் பெண் கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆண் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்க, பெண் கடல் கண்மாய்த் தண்ணீர் போலக் கிடக்கும். வாடை தொடங்கிவிட்டால் இது அப்படியே மாறிவிடும். 2017-இல் போடப்பட்ட சாலையில் தீவின் நுனியான அரிச்சல்முனையை நோக்கிப் போகும்போது இரண்டு கடலும் இரண்டு பக்கமும் மிக அருகில் வந்துவிடுகின்றன. அங்கே ஒரே இடத்தில் நின்றுகொண்டு பெரியவள் இடப்பக்கம் திரும்பி ஒன்றும் வலப்பக்கம் திரும்பி ஒன்றுமாக எடுத்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே நிமிடத்தில் எடுத்தவை என்று யாரும் நம்பமாட்டார்கள். தாமிரபரணிக் கரையில் படம் எடுப்பதற்கு வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால் போதும். தீவில் முதலில் காற்றைக் கேட்க வேண்டும்; வெயிலைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான்.

வெயிலும் எங்களைப் படுத்தியது. மணலின் வெண்மையில் கேமரா ஏமாந்துபோய், முதல் நாள் படங்கள் எல்லாம் அந்தி நேரத்தில் எடுத்தவை போல இருண்டு கிடந்தன. நீ கற்றுக்கொடுத்தபடி ஒளியளவை ஒரு படி கூட்டி வைத்த பிறகே மணல் மணலாகத் தெரிந்தது. இன்னொன்றையும் கவனித்தேன். நம் பிள்ளைகள் மேற்கே எப்போதும் மலை நிற்கும் ஊரில் வளர்ந்தவர்கள். எங்கே பார்த்தாலும் கண் போய்ச் சாய்ந்துகொள்ள அவர்களுக்கு ஒரு மலை வேண்டியிருக்கிறது. முதல் நாள் முழுவதும் ஒரு பனை, ஒரு படகு, ஒரு கம்பம் என்று நிமிர்ந்து நிற்கும் எதையாவது தேடிப்பிடித்து அதை நடுவில் வைத்தே எடுத்தார்கள். தண்ணீரையும் வானத்தையும் மட்டும் எடுக்கும் துணிச்சல் மூன்றாம் நாள்தான் வந்தது.

பாலத்தைப் பற்றி நீ அவசியம் கேட்பாய். ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய ரயில் பாலமும், 1914-இல் திறக்கப்பட்டு 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோன பழைய பாலமும் அருகருகே நின்றன. சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது தவறு என்பதால் நாங்கள் கரையில் இறங்கி எடுத்தோம். புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதியை அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு மின்தூக்கி போல ஏற்றுகிறார்கள். பழைய பாலத்திலோ கப்பல் வரும்போது ஆட்கள் நின்று நெம்புகோலைப் பிடித்துச் சுற்றுவார்கள், குவித்த கை விரிவது போல இரண்டு பகுதிகளும் மெல்ல மெல்ல மேலே எழும். சிறுவனாக அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தது பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நான் எண்ணியவற்றுள் முதலானது. இனி அது சொல்லித்தான் தெரிய வேண்டும். 1988-இல் சாலைப் பாலம் வரும் வரை, படகை விட்டால் எங்களுக்கு அந்த ரயில்தான் வழி என்பதைச் சின்னவன் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான்.

ராமேசுவரம் துறையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அல்லவா? சின்னவனின் படங்களில் அந்த வண்ண வரிசை மிக அழகாக வந்திருக்கிறது. அத்தனை படகும் கரையில் நிற்கிறதென்றால் அத்தனை வீட்டிலும் கையிருப்பைக் கரைத்துத்தான் அடுப்பு எரிகிறது என்பதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். பெண் கடல் பக்கத்தில் மட்டும் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசையாக நின்று, குதிகாலை மணலில் ஊன்றி ஊன்றிப் பின்னோக்கி நடந்தே அந்த வலையைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் குறைவாக இருக்கிறது என்று அழைத்ததும் சின்னவன் கேமராவை அக்காளிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். அன்றிரவு அவன் உள்ளங்கையில் கயிற்றின் முறுக்கு அச்சாகப் பதிந்து சிவந்திருந்தது. வலையின் மடியில் சிக்கியது இரண்டு கூடைக்கும் குறைவான மீன்தான்.

கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லாததால் பிராகாரங்களைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

தனுஷ்கோடியைப் பற்றித்தான் உன்னிடம் மனம் விட்டு எழுத வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயலில், பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் ஆட்களோடு அலைக்குள் போனதும், இலங்கைக்குக் கப்பல் ஏறும் துறையாக இருந்த ஊர் ஒரே இரவில் அழிந்ததும் நீ அறிந்தவையே. அம்மாவுக்கு அப்போது பதினான்கு வயது, தங்கச்சிமடத்தில் இருந்தார். அவருடைய தாய்மாமா தனுஷ்கோடியில் கடை வைத்திருந்தார், அவர் திரும்பி வரவில்லை. இவ்வளவையும் நானே மிகப் பிந்தித்தான் அறிந்தேன்.

இடிந்து நிற்கும் தேவாலயத்தின் முன் ஏராளமானோர் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவள், "ஆச்சி, நீங்களும் அந்த வளைவுக்குக் கீழே நில்லுங்கள்" என்றாள். அம்மா மாட்டேன் என்று தலையசைத்துவிட்டுச் சுவர் அருகே போய் அதில் கையை வைத்தார். அந்தச் சுவர் முருகைக்கல்லால் கட்டப்பட்டது. பூச்சு உதிர்ந்த இடங்களில் ஒவ்வொரு கல்லிலும் சிறு சிறு நட்சத்திரம் போன்ற குழிகள் தெரிகின்றன. ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்த பவளத்தின் வீடுகள் அவை. குழிகளுக்குள் மணல் ஏறியிருந்தது. அம்மா விரல் நுனியால் ஒரு குழியின் மணலைத் தட்டிவிட்டார். பெரியவள் அதைப் படம் எடுக்கவில்லை. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆச்சியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அவளுக்குப் பத்தொன்பது வயதுதான் ஆகிறது, அந்த நேரத்தில் அவளை நினைத்து எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே எங்களைக் கரைக்கு அழைத்துப் போனார். இரண்டு மூன்று முறை திரும்பித் தேவாலயத்தைப் பார்த்து, தூரத்தை மனதில் கணக்கிட்டு, ஓரிடத்தில் நின்று, "இதோ, நேராக இந்தப் பக்கம் பார்த்து எடு" என்று பேத்தியிடம் சொன்னார். மாமாவின் கடை இருந்த திசை அது. அந்தப் படத்தில் பனை இல்லை, படகு இல்லை, ஆளும் இல்லை. தண்ணீரும் அதற்கு மேலே வெளுத்த வானமும் மட்டும் இருக்கின்றன.

மொத்தம் 600-க்கும் மேற்பட்ட படங்களில் இருபதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து அச்சுப் போட்டோம். அம்மா கேட்டது அந்த ஒரு படத்தை, பெரிய அளவில், சட்டம் போட்டு. கடைக்காரத் தம்பி அதைத் திரையில் பார்த்துவிட்டு, தவறுதலாகச் சேர்ந்துவிட்டதோ என்று கேட்டார். இல்லை, அதுதான் வேண்டும் என்று சொல்லி வாங்கி வந்தேன். ஆனால் அச்சில் கடலின் நீலம் அடர்ந்து, ஏறக்குறைய கறுப்பாகிவிட்டது. அன்று அந்தக் கடல் அப்படி இல்லை. பெண் கடலுக்கே உரிய பச்சை கலந்த வெளிர் நீலம் அது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என்றாலும் அதை இன்னும் சுவரில் மாட்டச் சொல்லவில்லை.

ஆனித் தேருக்கு நீங்கள் இருவரும் வருவீர்கள் அல்லவா? வரும்போது ஒரு நாள் கூடுதலாகத் தங்கும்படி வா. மூலப் படத்தை அப்படியே வைத்திருக்கிறேன். நீ உட்கார்ந்து நிறத்தைச் சரிசெய்து கொடு. அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் சரி என்று சொல்லும் வரை செய்வோம்.

உன் அன்பு நண்பன்