ஓ.டி.பி. யார் கைக்கு வருகிறது?

மதுரை

அன்புள்ள காந்தி,

உன் கடிதமும் நாரத்தங்காய் ஊறுகாயும் வந்து சேர்ந்தன. முழங்கால் வலி பரவாயில்லை. எல்லோரும் சௌக்கியம் என்று இந்தமுறை எழுத முடியவில்லை. என் அண்ணன் மகள் தேவி கொஞ்ச நாளாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். போனில் சொன்னால் நீ குரலை உயர்த்துவாய், எனக்கு அழுகை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

அவளுக்குக் கையில் அரிப்பும் தடிப்பும் வந்து, தோல் மருத்துவரைப் பார்க்க மாமியாரோடு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். பதிவு செய்யும் இடத்தில் ஆதார் எண் கேட்டார்கள், ஓ.டி.பி. கேட்டார்கள். “உங்களுக்கு ஆபா என்கிற அரசாங்கச் சுகாதார அடையாள எண் இருக்கிறதே, பழைய ரிப்போர்ட் எல்லாம் வந்துவிடும்” என்று சொல்லி, அங்கிருந்த பெண் தேவியின் போனை வாங்கி, வந்த கோரிக்கைக்குத் தானே ஒப்புதல் அழுத்தித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். உள்ளே மருத்துவர் திரையைப் பார்த்துக்கொண்டே, “எஸ்சிட்டலோபிராம் சாப்பிட்டிருக்கிறீர்களே, இப்போதும் மனநல மருத்துவரிடம் போகிறீர்களா?” என்று கேட்டார். ஏதாவது மாத்திரையால் வந்த அலர்ஜியோ என்று பார்த்திருப்பார். ஆனால் பக்கத்து நாற்காலியில் மாமியார். அந்த அம்மாள் மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடி, மறுபடி திறந்து மூடினாராம். வீடு போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று இரவே அண்ணனுக்கு போன்: “பெண்ணுக்குப் பைத்தியம் என்பதை மறைத்தா கட்டிவைத்தீர்கள்?”

அண்ணி இறந்த வருடம் இவள் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் கிடந்தது உனக்குத் தெரியும். மருத்துவரிடம் முதலில் அழைத்துப் போனவளே நீதான். சில மாதம் மாத்திரை சாப்பிட்டாள், தேறினாள், வேலைக்குப் போனாள். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். அவரும் “சரி, இனி அது உன் விருப்பம்” என்றார். மாமியாரிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள். யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரிய வேண்டாம் என்று அவள் யோசித்து வைத்திருந்ததை ஒரு விரல் அழுத்தலில் கலைத்துவிட்டார்கள். அதுதான் காந்தி எனக்கு ஆறவில்லை.

நீ போன கடிதத்தில் இந்த ஆபாவைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதியிருந்தாய். புதிதாக எது வந்தாலும் ஊருக்கே சிபாரிசு செய்வது உன் பிறவிக் குணம், பிரஷர் குக்கர் காலத்திலிருந்தே பார்க்கிறேன். ஆனால் நீ சொன்ன காரணத்தை மறுக்க மாட்டேன். உன் அண்ணன் ரயிலில் மயங்கி விழுந்தபோது என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று சொல்ல ஆளில்லாமல் தவித்தது எனக்கும் மறக்கவில்லை. அப்பாவின் ஸ்கேன்களைத் துணிப்பையில் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைந்தவள் நான். சீட்டுகள் தொலையாமல் இருக்க ஒரு வழி வேண்டும்தான்.

கோர்ட் புத்தி விடுமா? விதிகளைத் தேடிப் படித்தேன். 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கியது இந்தத் திட்டம். 14 இலக்க எண். எல்லோருடைய ரிப்போர்ட்டும் டெல்லியில் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. எந்த மருத்துவமனை எழுதியதோ அங்கேயே இருக்கும். இன்னொரு மருத்துவமனை பார்க்க வேண்டுமானால் நம்மிடம் கோரிக்கை அனுப்ப வேண்டும். யார் கேட்கிறார்கள், எதற்காக, எந்த வகை ஆவணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எத்தனை நாள் பார்க்கலாம் என்று அதில் எல்லாம் இருக்கும். நாம் அதைக் குறைக்கலாம். ரத்தப் பரிசோதனை மட்டும் போதும், கடந்த ஆறு மாதம் போதும், அந்த மருத்துவமனை ஆவணம் வேண்டாம் என்று விலக்கலாம். பிறகு ஒப்புதலைத் திரும்பப் பெறவும் முடியும். எண் இல்லை, கொடுக்க விருப்பமில்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது என்றும் கொள்கையில் இருக்கிறது. வாசலில் குறியீட்டை ஸ்கேன் செய்து டோக்கன் வாங்குவது வேறு. அதில் பெயர், வயது, முகவரி போன்ற அடிப்படை விவரம்தான் போகும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஜனங்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள்.

இவ்வளவு நுணுக்கமாகச் செய்து வைத்ததெல்லாம் வரிசையின் அவசரத்தில் ஒரே பொத்தானாகிவிடுகிறது. அந்தப் பெண்ணை நான் திட்டவில்லை, பின்னால் அத்தனை பேர் நிற்கும்போது அவளும் என்ன செய்வாள்? ஆனால் மாமியார் கேட்டது கேட்டதுதானே. ஒப்புதலைத் திரும்பப் பெற்று என்ன பயன்?

இன்னொன்று என்னைத் தூங்கவிடவில்லை. ஓ.டி.பி. யாருடைய போனுக்கு வருகிறது? எங்கள் தெருவில் பூக்கட்டும் அம்மாவின் ஆதாரில் இருப்பது மகன் எண். எத்தனையோ வீட்டில் மனைவியின் ஆதாரில் கணவன் எண். 18 வயது நிறைந்த பெண் கருக்கலைப்புக்குத் தன் சம்மதம் மட்டும் கொடுத்தால் போதும், கணவன் கையெழுத்து தேவையில்லை என்பது சட்டம். அவள் விவரத்தை வெளியிட்டால் தண்டனை என்று 2021 திருத்தத்தில் தனிப் பிரிவே சேர்த்தார்கள். ஆனால் அவள் ஆவணம் கணவன் கையில் இருக்கும் போனில் திறக்குமென்றால் அந்தப் பிரிவு யாரைக் காப்பாற்றும்? நம் விடுதியில் கடிதங்களைப் பிரித்துப் படித்த வார்டன் அம்மா நினைவுக்கு வருகிறார். கத்தரிக்காய் என்று சங்கேதமாக எழுதிச் சமாளித்தோமே, இந்தப் பெண்கள் எதை எழுதிச் சமாளிப்பார்கள்?

1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு ஒன்று உண்டு. இன்னொரு நோயாளிக்காகச் சென்னை மருத்துவமனை ஒன்றில் ரத்தம் கொடுக்கப்போன இடத்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. விஷயம் வெளியே போய் அவர் திருமணம் நின்றது. வழக்குப் போட்டுத் தோற்றார். மணப்பெண்ணின் உடல்நலம் பெரிது என்றது நீதிமன்றம். அதை முழுத் தவறென்று சொல்லத் துணியமாட்டேன். ஆனால் மன அழுத்தம் யாரையும் தொற்றுவதில்லையே! 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதே ஆண்டின் மனநலச் சட்டம் சிகிச்சை விவரம் ரகசியம் என்று நோயாளிக்கு உரிமை தந்தது. ஆக, சட்டத்துக்குக் குறைவில்லை. மனநலம், எச்.ஐ.வி., கர்ப்பம் சம்பந்தப்பட்டவை பொதுவான கோரிக்கையோடு சேர்ந்து வரவே கூடாது, நோயாளி தனியாகத் தேர்ந்தெடுத்தால்தான் திறக்க வேண்டும் என்பது என் கட்சி. போனை அவரவர்தான் தொட வேண்டும். உடன் வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மருத்துவர் பழைய மருந்தைக் கேட்கட்டும். மருத்துவமனைக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை. விடப்போவதில்லை.

மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. அம்மாவோடு தினமும் சண்டை போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை தேவியை அழைத்துப்போக வருகிறார், தனிக்குடித்தனம் என்று பேச்சு. அண்ணன் “கொஞ்சம் பொறு” என்கிறான், அவனைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. தேவி உன்னைத்தான் கேட்கிறாள். சனிக்கிழமை வைகையில் ஏறி வந்துவிடு. அதற்கு முன் உன் குழுப் பெண்களிடம் அவரவர் ஆதாரில் யார் எண் இருக்கிறது என்று பார்க்கச் சொல். உன்னுடையதில் இன்னும் சென்னைப் பிள்ளையின் எண்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதையும் மாற்று. இன்சுலினை எடுத்துவர மறந்துவிடாதே.

அன்புடன்,
கோமதி