குசினித் தூணுக்கு ஒரு நன்றி மடல்

கொட்டியாரத்து உறவுகளுக்கும், திருகோணமலை நகரிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் எம்மோடு நின்ற அனைவருக்கும் வணக்கம்.

களப்பின் வாய்க்காலை அடைத்திருந்த மண்ணின் கடைசிப் பகுதியைச் செவ்வாய்க்கிழமை மாலை பெக்கோ இயந்திரம் அள்ளி டிப்பரில் கொட்டியது. தேங்கிக் கிடந்த நீர் முதலில் கறுத்த சேறாகவும், பிறகு மெல்லத் தெளிந்தும் குடாவை நோக்கி ஓடத் தொடங்கியதைக் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்து, கால் கழுவிய கையோடு இதை எழுத அமர்ந்தேன். கண்ணாக்காட்டை (கண்டல் காட்டை) வெட்டி, வெள்ள நீர் வடியும் இந்த வாய்க்காலை மண்ணால் நிரப்பியதும், அதைத் திறக்கக் கோரி நாங்கள் மனுக் கொடுத்ததும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். யார் நிரப்பினார்கள், எந்தக் கடதாசியைக் காட்டி நிரப்பினார்கள் என்பதை மறுபடியும் கிளறும் எண்ணம் எனக்கு இல்லை. ஆறப்போட்டால் நன்றி வெறும் சம்பிரதாயமாகிவிடும் என்ற பயத்தினால்தான் இந்த அவசரம்.

தோணியைக் கரையில் விட்டுவிட்டு, ஒரு நாள் தொழிலை இழந்து எங்களோடு வந்து நின்ற மூதூர் மீனவச் சகோதரர்களுக்கும், தங்கள் வயல் வெள்ளத்துக்கும் எங்கள் களப்புக்கும் உள்ள தொடர்பைச் சிங்களத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்த சேருவில விவசாயிகளுக்கும், பஸ் கட்டணத்துக்கு மேல் ஒரு சதமும் வாங்காத இளம் சட்டத்தரணிக்கும், கூட்ட அறிவித்தலை ஒரே நாளில் ஒலிபெருக்கியில் சொன்ன கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் எங்கள் நன்றி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நாங்கள் கேட்டவற்றுக்கு, 14 வேலை நாட்கள் முடியுமுன்னரே ஒளிவுமறைவில்லாமல் பதில் அனுப்பிய அலுவலரை நாங்கள் நேரில் கண்டதுகூட இல்லை, அவருக்கும் நன்றி. சம்பூர்ப் பெரியவர்களைத் தனியே சொல்ல வேண்டும். 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்துக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்து, 2016இல் அத்திட்டம் கைவிடப்படும்வரை ஓயாதவர்கள் அவர்கள். மனுவை எப்படி எழுதுவது என்பதை மட்டுமன்றி, பதில் வராத மாதங்களில் எப்படிச் சோர்ந்துபோகாமல் இருப்பது என்பதையும் அவர்களிடமிருந்தே கற்றோம்.

ஆனால் இந்த மடலின் பெரும்பகுதி ஓர் ஆச்சிக்கு உரியது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் சொல்லியிருப்பதால் ஆச்சி என்றே எழுதுகிறேன்.

மனுவுக்குக் கையெழுத்துக் கேட்டு நாங்கள் இரண்டு முறை அவர் வீட்டுப் படலையில் போய் நின்றோம். இரண்டு முறையும் அவர் மறுத்துவிட்டார். "வைச்ச கையெழுத்தெல்லாம் எங்க போச்சு தம்பி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவரைப் பற்றி, திரும்பி வரும் வழியில் நாங்கள் நல்லதாகப் பேசவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எங்கள் மனு பற்றிய கூட்டத்துக்கு முந்தின இரவு ஒன்பது மணியளவில், அவருடைய பேரன் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து பொதுமண்டபத்தின் முன் நிறுத்தினான். பெட்டிக்குள் பழைய சேலையால் சுற்றப்பட்ட நீளமான ஏதோ ஒன்று கிடந்தது. "அம்மம்மா தந்துவிட்டவ. நாளைக்குக் கச்சேரியில காட்டட்டாம். ஆனா திருப்பித் தரணுமாம்."

சேலையை அவிழ்த்தபோது அது ஒரு பனந்தூண் என்று தெரிந்தது. ஆறடிக்குக் குறையாத வைரம் பாய்ந்த பனை, பல ஆண்டு அடுப்புப் புகையில் கன்னங்கரேலென்றிருந்தது. மறுநாள் கூட்டத்துக்காக, நின்றுகொண்டிருந்த குசினியிலிருந்து அதைக் கழற்றிக் கூரைக்கு ஒரு தென்னங்குற்றியை முண்டு கொடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார். மண்டப வெளிச்சத்தில் கிட்டப் பார்த்தபோதுதான் அதிலிருந்த வெட்டுகள் கண்ணில் பட்டன. குறுக்கே கத்தியால் இட்ட ஒவ்வொரு வெட்டும் குசினிக்குள் வந்த ஒரு வெள்ளத்தின் உயரம். அதன் பக்கத்தில் ஆணியால் குத்திய புள்ளிகள், அந்த நீர் வற்றாமல் நின்ற நாட்கள். ஒரு வெள்ளத்துக்கு அடுத்த வெள்ளம் என்று தூணைச் சுற்றி வலப்பக்கமாக அவை போய்க்கொண்டிருந்தன. ஆச்சிக்கு எழுதத் தெரியாது. எந்த வெட்டு எந்த ஆண்டு என்பதைப் பேரன் பிசகாமல் சொன்னான். எல்லாவற்றிலும் உயரமான முதல் வெட்டு, 2004 டிசம்பர் 26. வரிச்சும் கிடுகும் போய், அந்தத் தூண் மட்டும் நின்ற நாள் அது. அதற்கு ஒரே ஒரு புள்ளி. அடுத்து ஒரு சாண் அகலத்துக்கு மரம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. 2006இல் போரினால் ஊரே இடம்பெயர்ந்த பிறகு சில ஆண்டுகள் தண்ணீர் வந்ததா இல்லையா என்று பார்க்க அங்கே எவரும் இருக்கவில்லை. தெரியாததற்கு அவர் இடம் விட்டிருந்தார். அதன்பிறகு 2011 ஜனவரிக்கு ஒரு வெட்டும் நான்கு புள்ளிகளும், அதே ஆண்டு பெப்ரவரிக்கு ஒரு வெட்டும் மூன்று புள்ளிகளும். இறுதியில், வாய்க்கால் அடைக்கப்பட்ட பிறகு வந்த 2025 நவம்பர், டிட்வா புயல் வெள்ளம். புள்ளிகளை நானே விரல் வைத்து எண்ணினேன். பதினேழு இருந்தன.

மூன்று மாதங்களாக நாங்கள் சேர்த்த படங்களிலும் வரைபடங்களிலும் இல்லாதது இந்தப் பதினேழுதான். எத்தனை மில்லிமீற்றர் மழை பெய்தது என்பது பதிவில் இருக்கும். எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்பட்டன என்பதைக் கிராம அலுவலர் எழுதுவார். ஒரு குசினிக்குள் நீர் எத்தனை நாள் நின்றது என்பதை எழுத எந்தப் படிவத்திலும் நிரல் இல்லை. டிட்வாவின் உயரத்தைப் புயலின் தலையில் போட்டுவிடலாம். மழை விட்டு, மகாவலி இறங்கிய பின்னரும் நீர் போகாததை எதன் தலையில் போடுவது? திருகோணமலைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், வெள்ள நீரைக் குடாவுக்கு இழுத்துச் செல்லும் சரிவும் சொற்பமே. அந்த நீர் கண்ணாக்காட்டுக்குள் பரந்து, வேர்களுக்கு இடையே வேகம் தணிந்து, சிறு வாய்க்கால்கள் பலவற்றின் வழியாகத்தான் வடிந்துபோகும். அவற்றில் ஒன்றை அடைத்தாலே மேலேயுள்ள வளவுகளில் நீர் தேங்கிவிடும். இதை நாங்கள் பல பக்கங்களில் எழுதியிருந்தோம். மறுநாள் அந்தத் தூணைக் கச்சேரி மேசையில் கிடத்தியபோது, அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த பொறியியலாளர் ஒருவர் எழுந்து வந்து, பேனா முனையால் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணி, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு அளவு நாடா கேட்டார். வெள்ளிக்கிழமை களத்துக்கு வருவதாக அவராகவே சொன்னார், சொன்னபடி வந்தார். அவருக்கும் எங்கள் நன்றி.

வாய்க்காலைத் திறக்கும் முடிவு வந்த அன்று ஆச்சியிடம் போனோம். சாய்ந்த கூரையின் கீழ் குனிந்து அடுப்பூதிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு தூண் இருப்பதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேட்டது கையெழுத்துத்தானே" என்றார்.

அந்தப் பதில் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. கடந்த ஆண்டுகளில் காலநிலைத் தாங்குதிறன் என்ற பெயரில் இதே மண்டபத்தில் எத்தனையோ விழிப்புணர்வுக் கூட்டங்கள் வைத்தோம். திரையில் வரைபடங்களைக் காட்டி, வெள்ளம் எப்படி வருகிறது என்று விளக்கினோம். ஆச்சி பின்வரிசையில் இருந்து கேட்டுவிட்டு, உலை வைக்க வேண்டும் என்று பாதியில் எழுந்து போவார். அவருக்கு விளங்கவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஆகவே இனி எந்த மனுவோடு படலைக்குப் போனாலும், முதலில் அந்த வீட்டார் எதைப் பார்த்தார்கள் என்று கேட்போம். கையெழுத்தைப் பிறகு கேட்போம். விரும்பும் வீடுகளில் வரும் மாரிக்கு முன் பனங்குற்றி ஒன்றை நட்டுக் கொடுத்து, உயரத்தையும் நாட்களையும் அவர்களே குறிக்கச் செய்வோம். வெட்டுப்பட்ட காட்டில் படம் எடுப்பதற்காகக் கன்று நடும் விழா எதையும் நாங்கள் நடத்தமாட்டோம். சுனாமிக்குப் பின்னர் இலங்கையில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றும் உயிரோடு இருக்கவில்லை. பொருந்தாத நிலத்தில், உப்பும் நீரோட்டமும் அறியாமல் நட்டதன் விளைவு அது. எங்கள் வாய்க்கால் இப்போது திறந்திருக்கிறது. முதலில் நீர் ஓடட்டும், மிதந்து வரும் காய்கள் தாமாக எங்கே ஊன்றுகின்றன என்று ஒரு மாரி பொறுத்துப் பார்ப்போம். நன்கொடை தர முன்வந்திருக்கும் நண்பர்கள் அதுவரை கோபிக்காமல் காத்திருக்க வேண்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை தூணைத் திருப்பிக் கொண்டுபோய், ஆச்சியின் குசினியில் நட்டுக் கூரையையும் வேய்ந்து கொடுக்க இருக்கிறோம். கிடுகு சேர்ந்துவிட்டது; கை கொடுக்க விரும்புவோர் ஏழு மணிக்கு வந்தால் போதும். வெட்டுகளைப் பார்த்து, மேல் கீழ் மாறாமல் நடும்படி ஆச்சி பேரனிடம் இரண்டு தரம் சொல்லியனுப்பியிருக்கிறார்.