ஸ்பிஷ் கிராமங்களில் ஸ்லோவாக்கியர்களும் இருக்கிறார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த, தென் போலந்தின் மலை ஊரான ஸகோபானே பற்றிய பயணக் கட்டுரை படித்தேன். தாத்ரா மலையையும் மர வீடுகளையும் பற்றி எழுதியது நன்றாக இருந்தது. ஆனால் பக்கத்திலுள்ள நோவா பியாவா, கிரெம்பாஹி ஊர்களை 'அசல் போலந்துக் கிராமங்கள்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனது எனக்கு உறுத்தியது.

நான் கிராக்கோவில் கணக்கு வேலை பார்க்கிறேன். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர், என் வீட்டுக்காரம்மா, நோவா பியாவாவில் பிறந்தவர். பேரப்பிள்ளைகளிடம் போலிஷ் பேசுவார். ஜெபம் சொல்வது ஸ்லோவாக் மொழியில். போலந்து வாழ் ஸ்லோவாக்கியர்களின் 'ஜிவோட்' இதழ் அவர் சமையலறை மேசையில் எப்போதும் கிடக்கும். 1958-இலிருந்து வரும் இதழ் அது. எனக்கு இந்த வரலாற்றில் அக்கறை வந்ததே அவரால்தான்.

இந்தப் பகுதிக்கு ஸ்பிஷ் என்று பெயர். முதல் உலகப் போர் முடியும்வரை இது ஹங்கேரி ராஜ்யத்தைச் சேர்ந்தது. ஹங்கேரிக்கும் போலந்துப் பக்கத்துக்கும் பியாவ்கா ஆறு பழைய எல்லை. நோவா பியாவா மட்டும் ஆற்றின் இந்தப் பக்கம், மேற்குக் கரையில் இருந்துகொண்டே ஹங்கேரியோடு இருந்தது. வீட்டில் மலைவாசிகளின் கோரல் பேச்சு, கோயிலில் ஸ்லோவாக் பாட்டு, அதிகாரிகளிடம் ஹங்கேரி மொழி என்றுதான் அந்த மக்களின் நாள் போனது.

1918-இல் ராஜ்யம் உடைந்தது. போலந்து, செக்கோஸ்லோவாக்கியா இரண்டும் ஸ்பிஷைக் கேட்டன. மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தலாம் என்று 1919-இல் முடிவானது. அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 1920 ஜூலை 28 அன்று வல்லரசுகளின் தூதர்கள் கூடி வரைபடத்தில் கோடு போட்டார்கள். நோவா பியாவாவும் கிரெம்பாஹியும் போலந்துக்குப் போயின.

இதில் என்னை அதிகம் வருத்துவது வேறு இரண்டு பேரின் கதை. பியோத்ர் போரோவி, வோய்ச்சேஹ் ஹால்சின் என்ற இரண்டு விவசாயிகள் 1919 ஏப்ரலில் பாரீஸ் வரை போய் அமெரிக்க ஜனாதிபதி வில்சனையே நேரில் பார்த்தார்கள். எங்கள் மக்களைப் போலந்தோடு சேருங்கள் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. கடைசியில் போரோவியின் ஊரான ராப்ச்சாவும் ஹால்சினின் ஊரான லெண்டாக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கே போய்விட்டன. போலந்தைக் கேட்டவர்கள் அந்தப் பக்கம், தங்களை ஸ்லோவாக்கியர் என்று எண்ணிய பலர் இந்தப் பக்கம். ஒரு தடவை வாக்குப்பெட்டியை வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

புதிய நாடு வந்ததும் எல்லாம் மாறிவிடவும் இல்லை. நியெஜிட்சா கோட்டைப் பக்கத்தில், நிலத்துக்கு ஈடாக எஜமானருக்கு உழைக்கும் பண்ணையடிமை முறை 1931 வரை நீடித்தது.

அப்புறம் 1939. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து பிரிந்து, ஹிட்லரோடு சேர்ந்து போலந்துக்குள் நுழைந்த ஸ்லோவாக் அரசு இந்த ஊர்களை எடுத்துக்கொண்டது. 1945 மே மாதம் அவை மீண்டும் போலந்துக்கு வந்தன. ஸ்லோவாக் அரசு செய்தது அநியாயம், அதை நான் மறைக்கவில்லை. அதற்கான விலையைக் கொடுத்தது சாதாரண ஜனங்கள். பலர் எல்லை தாண்டி ஓடினார்கள். யூசெஃப் குராஷ் தலைமையிலான ஆயுதக் குழு இந்தப் பகுதி ஸ்லோவாக்கியர்கள் சிலரைக் கொன்றது. கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்துப் போராடியவர் என்று அதே குராஷுக்கு 2006-இல் ஸகோபானேயில் நினைவுச்சின்னம் எழுப்பி, ஜனாதிபதியே வந்து திறந்துவைத்தார். உங்கள் கட்டுரையாளர் அந்த ஊரிலேயே தங்கியிருக்கிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். இந்தப் பேச்சை எடுத்தாலே என் வீட்டுக்காரம்மா எழுந்துபோய் அடுப்பைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நானும் அதற்கு மேல் கேட்பதில்லை.

2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்லோவாக்கியர்களைத் தேசிய சிறுபான்மையினராக ஏற்றிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் போலந்து முழுக்கவே மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் தங்களை ஸ்லோவாக்கியர் என்று பதிந்தார்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் அவர்களை விட்டுவிட முடியாது. 2021 ஜூனில் நோவா பியாவாவில் பெருந்தீ பிடித்தது. வீடுகளும் பின்வரிசைக் களஞ்சியங்களும் ஒட்டி ஒட்டி இருக்கும் ஊர், தீ வரிசையாகப் பரவி நூறு பேருக்கு மேல் வீடிழந்தார்கள். தொலைக்காட்சியில் அன்று முழுவதும் ஊர்ப்பெயர் ஓடியது. நான் பார்த்த செய்திகள் எதிலும் அங்கே ஸ்லோவாக்கியர்கள் வாழ்வது பற்றி ஒரு வரிகூட இல்லை.

தாத்ரா தொடரின் அடுத்த பகுதி வருவதாகப் போட்டிருந்தீர்கள். அதில் கிரெம்பாஹி பற்றி எழுதினால், அங்கே ஸ்லோவாக்கியர்களும் வாழ்கிறார்கள் என்பதையும் 1920-இல் நடந்ததையும் ஒரு பத்தியாவது சேர்க்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அவர் விரும்பினால், என் வீட்டுக்காரம்மாவின் பழைய 'ஜிவோட்' இதழ்களிலிருந்து வேண்டிய பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கிராக்கோவ், போலந்து