மூச்சை விட்டுட்டு அடக்குங்க

பெரம்பூர், சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே அம்மா வாங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம்.

தோள்பட்டைக்குப் பத்து நாளாகப் பிசியோதெரபி போகிறேன். ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் வைக்கிறார்கள். கருவியைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. போன செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணுக்கு ஏதோ போன் வந்தது. பேச்சு சுவாரசியத்தில் கை நின்றுவிட்டது. எலும்புக்குள் சுருக்கென்று ஒரு சூடு. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பாவம், அவளும் பயந்துபோனாள். வீட்டுக்கு நடந்து வரும்போது உன் வேலைதான் ஞாபகம் வந்தது. அந்த அறையில் தெர்மாமீட்டர் என்று இருந்தது என் வாய் ஒன்றுதான்.

எம்.ஆர்.ஐ.யில் பார்த்துக்கொண்டே அல்ட்ராசவுண்டால் உடம்புக்குள் இருக்கும் கட்டியைச் சுடுகிற நீங்கள் அதே சூட்டைத்தான் தெரிந்தே வைக்கிறீர்கள். நூற்றுக்கணக்கான சன்னமான அலைகளை ஒரு புள்ளியில் சேர்த்து, வழியில் உள்ள தோலையும் சதையையும் விட்டுவிட்டு, கட்டியை மட்டும் வேகவைக்கிறீர்கள். நீ சொன்ன கணக்கைக் காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். 43 டிகிரியில் திசு சாக 4 மணி நேரம், அதற்கு மேல் டிகிரிக்கு டிகிரி நேரம் பாதியாகும். 56-க்கு வரும்போது 2 வினாடிகூட இல்லை! அவ்வளவு சின்ன நேரத்தில், மயக்கத்தில் கிடக்கிறவர் எங்கே ‘ஐயோ’ என்று சொல்வது?

எம்.ஆர்.ஐ.யில் சூடு தெரியும் என்று நீ முதலில் சொன்னபோது நான் நம்பவில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஜி.எச்.சில் எக்ஸ்ரே படம் எடுத்தவன். படம் என்றால் எனக்கு உருவம்தான். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனின் அதிர்வெண் ஒரு டிகிரிக்குப் பத்துக் கோடியில் ஒரு பங்கு குறையும், சுடுவதற்கு முன் எடுத்த படத்தைச் சுடும்போது எடுக்கிற படத்திலிருந்து கழித்தால் அந்த வித்தியாசம் வரும் என்று நீ விளக்கிய பிறகுதான் புரிந்தது. பழைய ஃபிலிமையும் புது ஃபிலிமையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வியூ பாக்ஸில் பார்ப்போமே, அதேதான். கொழுப்பில் மட்டும் இந்த வித்தை பலிக்காது என்றாய். அது ஏன் என்று இன்னொரு நாள் சொல்லு.

ஆனால் கழிக்க வேண்டுமென்றால் இரண்டு படமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கல்லீரல் நிற்குமா? சும்மா மூச்சு விட்டாலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்குகிற உறுப்பு அது. இதைத்தானே போன வாரம் புலம்பினாய்? மூச்சை நன்றாக இழுத்து அடக்கச் சொன்னாலும் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் வந்து நிற்கிறது என்று.

பாப்பா, இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நெஞ்சுப் படத்துக்கு ‘இழுத்து அடக்குங்க’ என்போம். நுரையீரல் விரிய வேண்டுமே. வயிற்றுப் படத்துக்கு அப்படி இல்லை, ‘விட்டுட்டு அடக்குங்க’. இழுப்பது ஆளுக்கு ஆள், தடவைக்குத் தடவை மாறும். பயந்தவர் கொஞ்சமாக இழுப்பார், வீம்பு பிடித்தவர் ஊரையே உறிஞ்சுவார். விட்ட பிறகு எல்லோரும் ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் திரும்பி வருவார்கள். என்ன, அதிக நேரம் தாங்காது. மயக்கம் கொடுத்தால் மூச்சை மெஷின் பார்த்துக்கொள்ளும், அது டாக்டர்கள் பாடு. விழித்திருப்பவருக்குச் சொல்கிறேன். டேபிளில் ஏற்றிய பிறகு சொல்லிக்கொடுக்காதே. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு மூன்று தடவை செய்து பார்க்கச் சொல்லு, அவர்கள் பாஷையில். சென்ட்ரலுக்கு எதிரே ஆஸ்பத்திரி என்பதால் ரயிலில் வந்து இறங்குகிறவர்களெல்லாம் எங்களிடம்தான் வருவார்கள். மூச்சை விடச் சொல்லும் தெலுங்கு ‘ஊபிரி வதலண்டி’யும் மூச்சை அடக்கச் சொல்லும் இந்தி ‘ஸான்ஸ் ரோக்கோ’வும் அப்படிக் கற்றதுதான். சொன்னது புரியாமல் ஆடிப்போன ஃபிலிம் எத்தனை, திரும்ப எடுத்ததற்குத் திட்டு வாங்கியது எத்தனை!

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். 1998-ல் கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுத்தபோது ஒன்றரை மாசம் குடம் தூக்காமல் கிடந்தாளே, உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் ரசம் வைத்தாய் (அதை ரசம் என்று சொல்ல முடியுமானால்). “அப்பவே இது இருந்திருந்தா வெட்டாம விட்டிருப்பாங்களா?” என்று கேட்டாள். அமெரிக்காவில் கர்ப்பப்பைக் கட்டிக்கு இந்த முறைக்கு அனுமதி கிடைத்ததே 2004-ல்தான் என்றேன். அதோடு, நீ பிறந்தபோது போட்ட தையல் தழும்பு அலை போகிற வழியில் இருந்திருக்கும். தழும்பு சூட்டை அதிகம் இழுக்கும், தோல் வெந்துவிடும். குடல் நடுவில் வந்தாலும் சிக்கல்தான். ‘அப்போ எல்லாத்துக்கும் உன்மேல பழி’ என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

அவளுக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அந்தச் சிகிச்சையில் படுத்திருப்பவர் கையில் ஒரு பட்டன் கொடுப்பார்களாம், பொறுக்க முடியாவிட்டால் அழுத்தினால் சூடு உடனே நிற்குமாம் என்று சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “அதை யார் யோசிச்சாங்களோ, நல்லா இருக்கணும்” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உங்கள் திரையில் எத்தனை நிறத்தில் சூடு தெரிந்தாலும் அந்தப் பட்டனை எடுத்துவிடாதீர்கள்.

நேற்று ராத்திரி மொட்டை மாடியில் பாயைப் போட்டுப் படுத்து நானே எண்ணிப் பார்த்தேன். இழுத்து அடக்கினால் 31 வரை வந்தது. விட்டு அடக்கினால் 14-க்கு மேல் முடியவில்லை, அதுவும் கடைசி இரண்டு கொஞ்சம் வேகமாக எண்ணியதுதான். உன் மெஷினுக்கு எத்தனை வினாடி வேண்டும்? எழுது.

அன்புடன்,
அப்பா